அகல ரிம்மும் மூக்கையா மாமாவும்

அலவத்துகொட முனாப்பின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாத்தளை வீதியிலிருந்து இறங்கும் சந்தில், பலா மரத்தடியில் பழைய கார்ச் சக்கர ரிம்கள் அடுக்கடுக்காக நிற்கும் இடம்தான் கடை. தனபாலன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தான். நாலாவது ஞாயிறு முனாப் அவனைக் கண்டதும் எழுந்து, சாக்கை விலக்கிக் காட்டினார்.

நான்கு ரிம்கள். பதினைந்து அங்குல உயரம், எட்டு அங்குல அகலம். வெளிவிளிம்பு கண்ணாடியாக மின்னியது. அங்கிருந்து நடுப்பகுதி பெரிய சோற்றுச் சட்டியைப் போல் ஆழமாக உள்ளே இறங்கியிருந்தது.

“கைய வெச்சிப் பாருங்க தம்பி. ஒரு கீறல் இரிக்கா? ஜப்பான்ல யாரோ புள்ளயப் போல வெச்சிருந்த சாமான்” என்றார் முனாப்.

தனபாலன் குந்தி உட்கார்ந்தான். உள்விளிம்பில் விரலை ஓட்டி நசுங்கல் இருக்கிறதா என்று தடவினான். ஒவ்வொன்றையும் சீமெந்துத் தரையில் உருட்டிவிட்டு, ஆட்டம் இருக்கிறதா என்று பின்னாலிருந்து பார்த்தான். தன் காரின் பழைய ரிம் ஒன்றைக் கழற்றி முகத்தோடு முகம் வைத்தான். நட் போடும் நான்கு துளைகளும் இம்மியும் பிசகாமல் பொருந்தின.

“பழைய ரிம் நாலையும் எடுத்துக்கிட்டு மேல எவ்வளவுன்னு சொல்லுங்க முனாப் நானா.”

“அது பேசிக்குவம். மொதல்ல ஒண்டு சொல்லுங்க. பின் சீட்ல எத்தின பேர் ஏறுவாங்க?”

“ஏன்?”

“ஒங்கட கார் ஸ்ப்ரிங் வெட்டி ஒசரம் கொறச்ச கார். இதுக்குப் போடுற அகல டயர் மட்காட்டுக்கு வெளிய எட்டிப் பாக்கும். பின்னுக்குப் பாரம் ஏறினா கார் கீழ எறங்கி, மட்காட்டு விளிம்பு டயர்ல ஒரசும். பொறகு முனாப் சொல்லல்லன்டு சொல்லக் கூடாது.”

“நானும் தங்கச்சியுந்தான் நானா. வேற யாரு ஏறப் போறா?”

அவன் பொய் சொல்லவில்லை. அந்தக் காரில் அதுவரை வேறு யாரும் ஏறியதில்லை. கட்டுகஸ்தோட்டை கராஜ் ஒன்றில் பெயின்ட் அடிப்பவன் தனபாலன். தன்னைவிட ஒரு வயது மூத்த லான்சர் பெட்டிக் காரைத் துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கி, ஐந்து வருடமாகத் தகடு வெட்டி, ஒட்டி, தேய்த்து, ஓடவைத்தவன். நிறமும் அவனே கலந்ததுதான். பதினோரு தடவை கலந்து பார்த்து, கண்ணாடித் தம்ளரில் வெயில் படும் பாலில்லாத பிளேன்டீயின் நிறத்தைப் பிடித்திருந்தான். அவன் வீடிருந்த மஹய்யாவையில் அதற்குப் பெயரே பிளேன்டீக் கார்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்தரைக்குள் நல்ல நேரம் என்று அம்மா நல்லம்மா சொன்னதால், பத்து மணிக்கு வீட்டுக்கு எதிரே, கோயிலுக்கு முன்னாலிருந்த சமதரையில் காரை நிறுத்தி ஜெக் போட்டான். மஹய்யாவைச் சரிவில் ஒரு காரை நேராக நிறுத்தக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். பக்கத்து வீட்டு வீரய்யா, மாநகரசபை லொறி டிரைவர், பல் குச்சியோடு மேற்பார்வைக்கு வந்து நின்றார். தனபாலன் எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி முறுக்கினான். காரைத் தரையில் இறக்கியதும் தள்ளிப்போய் நின்று பார்த்தான். கார் தோளை விரித்து நின்றது.

“ஏன்டா தனம், தவளை உக்காந்த மாதிரி இருக்கு!” என்றார் வீரய்யா.

“ஒங்க குப்பை லொறியப் பாத்த கண்ணு அப்படித்தான் சொல்லும்ணே.”

“குப்பை லொறின்னாலும் நாலு டன் ஏத்தலாம். இதுல நாலு தேங்கா ஏத்த முடியுமா?”

நல்லம்மா நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். கார் அவற்றை நசுக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. தனபாலன் தனியாக கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினான். ஒரு சத்தமும் இல்லை. வளைவுகளில் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு போனது. அவனுக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

தங்கை பாலாம்பிகை வாசற்படியில் நின்று பார்த்தாள். நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதுபவள். இன்னும் பதினாறு நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு குண்டசாலை.

“இதுலதான் நான் போவேன்” என்றாள்.

“ஹயர் கார் சொல்லியாச்சுடி. வெள்ளைக் காரு, ஏசியெல்லாம் இருக்கு” என்றாள் நல்லம்மா.

“அது என்னை எறக்கிவிட்ட கையோட இன்னொருத்தி கல்யாணத்துக்கு ஓடிரும். எனக்கு வேணாம். அண்ணன் கார்லதான் போவேன்.”

தனபாலன் ரிம்மின் விளிம்பைத் துணியால் துடைத்தான். துடைக்க அங்கே எதுவுமே இல்லை.

அடுத்த நாள் ஞாயிறு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தாம்பாளம் கொண்டுபோய்க் கல்யாண ஏற்பாடுகளைப் பேச வேண்டும். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து நல்லம்மாவின் அண்ணன் மூக்கையா, மனைவி வேலாயியோடு வந்து இறங்கினார். தேயிலை ஸ்டோரில் முப்பது வருடம் மூட்டை தூக்கிய உடம்பு. வேலையை விட்ட பிறகும் சாப்பாட்டைக் குறைக்காத உடம்பு. கதவுக்குள் நுழையும்போது சற்றே பக்கவாட்டில் திரும்புவார். தனபாலனின் அப்பா இறந்தபோது பாலாம்பிகை ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்கு உடுப்பு மூக்கையா வீட்டிலிருந்துதான் வந்தது. தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் வீட்டைவிட்டு இறங்க வேண்டும். காரில் அவள் பக்கத்தில் தாய்மாமன்தான் உட்கார வேண்டும். மண்டப வாசலில் அவர்தான் அவளை இறக்கிவிட வேண்டும். அவர்கள் சனத்தில் இது மாறாத வழக்கம்.

பின் சீட்டில் மூக்கையா, வேலாயி, நல்லம்மா. நல்லம்மாவின் மடியில் தாம்பாளம். ரயில் கடவையில் கார் ஏறி இறங்கியபோது பின்னால் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது.

“என்னா மாப்ள சத்தம்?” என்றார் மூக்கையா.

“ஒண்ணுமில்ல மாமா. புது டயரு.”

தனபாலன் குழிகளை விலக்கி, ஆமை வேகத்தில் ஓட்டினான். தென்னகும்புரப் பாலம் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை வந்தது. ஒவ்வொரு ‘கர்ர்’ருக்கும் அவனுடைய பல் கூசியது. அந்த டயரைப் போட்டு இன்னும் இரண்டு நாள்கூட ஆகவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் நல்லபடி நடந்தது. கேசரி, வடை, கோழிக்கறியோடு மத்தியானச் சாப்பாடு. மூக்கையா நடுக் கதிரையில் உட்கார்ந்து, சம்பந்தி வீட்டாரிடம் எல்லாவற்றையும் அழகாகப் பேசி முடித்தார். புறப்படும்போது அந்த வீடே வாசலில் கூடி நின்றது. கேட்டைத் தாண்டியதும் ஒரு மேடு, மேட்டிலேயே திருப்பம். கார் முழுப் பாரத்தோடு திரும்பியபோது இரண்டு பக்க டயரும் சேர்ந்து அலறின. மாப்பிள்ளையின் தம்பி யாரிடமோ ஏதோ சொன்னான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தனபாலனுக்கு முகம் சுட்டது. ஐந்து வருட உழைப்பைப் பார்த்தல்லவா சிரிக்கிறார்கள்! வண்டியை நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

“வண்டியில கொளாறு ஒண்ணுமில்ல. மாமாட எடைக்குத்தான் ஒரசுது. மாமா, நீங்க எறங்கி மேட்டு வரைக்கும் நடந்து வாங்களேன்.”

இப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

மூக்கையா கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியைச் சரிசெய்தார். சம்பந்தியைப் பார்த்துக் கும்பிட்டார். மேட்டில் ஏறினார். மேலே காரை நிறுத்திக் காத்திருந்த தனபாலனைத் தாண்டி, திரும்பியும் பார்க்காமல், பஸ் வரும் வீதியை நோக்கி நடந்துபோனார். வேலாயியும் இறங்கி அவர் பின்னால் ஓடினாள்.

“என்னாடா செஞ்ச?” என்றாள் நல்லம்மா. பாரம் குறைந்த கார் வீடு வரும்வரை ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது.

மூன்று நாள் மூக்கையா போன் எடுக்கவில்லை. நாலாம் நாள் வேலாயி எடுத்தாள்.

“நான் என்னா சொல்ல நல்லம்மா? ‘அந்தக் காருல எனக்கு எடமில்லன்னா அந்தக் கல்யாணத்துலயும் எனக்கு எடமில்ல’ங்கிறாரு. சட்டை தைக்கக் குடுத்ததக்கூட வாங்கப் போகல.”

“ஹயர் கார் வைக்கிறோம்னு சொல்லு அண்ணி. பெரிய கார்.”

“சொல்லாமலா? ‘பெரிய கார் வெச்சா, மூக்கையாவ ஏத்தத்தான் பெரிய கார்னு குண்டசாலையெல்லாம் பேசும்’ங்கிறாரு. அவரு சொல்றதும் நாயந்தானே.”

நியாயம்தான். போனை வைத்துவிட்டு நல்லம்மா அடுப்படிக்குப் போனாள். கறி மணந்தது, பிறகு தீய்ந்தது. பாலாம்பிகை எழுந்துபோய்ச் சட்டியை இறக்கினாள்.

“மாமா இல்லாம நான் வாசல்படி எறங்க மாட்டேண்ணே” என்றாள் திரும்பி வந்து. அழவில்லை. கணக்கில் ஒரு வரி பிழை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

தனபாலன் அலவத்துகொடைக்குப் போனான். முனாப் கதையைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஒங்கட பழைய ரிம் போன கெழமையே மாத்தளைக்குப் போயிட்டு தம்பி. எவன்ட வண்டியில ஓடுதோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வேற ரிம் போட்டாலும் ஸ்ப்ரிங் வெட்டின கார். தாய்மாமன் வயிறு நெறயத் திண்டா அதும் ஒரசும்.”

“வேற வழி இல்லையா நானா?”

“ஒண்டு இரிக்கி. மட்காட்டுக்கு உள்ளுக்கு ஒரு விளிம்பு மடிஞ்சி நிக்கிதே, கத்தி போல? அதுதான் வெட்டுது. அத மேலுக்கு மடிச்சி ஒட்ட வைக்கணும். உருண்டையான கட்டைய டயருக்கும் விளிம்புக்கும் நடுவுல வெச்சி, வண்டிய மெல்ல முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளினா, டயரே கட்டைய உருட்டி மடிச்சிரும்.”

தனபாலனுக்கும் அது தெரியும். வழிநெடுக அதை நினைக்காமலிருக்கத்தான் முயன்றுகொண்டு வந்தான்.

“பெயின்ட்?” என்றான்.

“சூடு காட்டி செய்ங்க. சூடு சரியா இரிந்தா பெயின்ட் வளையும். இல்லாட்டி வெடிக்கும். பெயின்ட்காரனுக்கு நான் சொல்லவா?”

வியாழக்கிழமை கராஜ் முதலாளியிடம் சூட்டுக் காற்று ஊதும் ஹீட் கன்னை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்தான். கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. காரை அதே சமதரையில் நிறுத்தி, உள்ளே பாரம் ஏற்றி, கல்யாணத்தன்று எப்படி இருக்குமோ அப்படியே வைத்து மடிக்க வேண்டும். முன் அறையில் கல்யாணச் சமையலுக்கு இறக்கிய இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் கிடந்தன. வீரய்யா நான்கைத் தூக்கி வந்து பின் சீட்டின் வலது பக்கத்தில் அடுக்கினார்.

“நாலு மூட்டை நூறு கிலோ. மூக்கையாண்ணனுக்குப் போதுமா?”

“இன்னும் பத்துக் கிலோ வைங்கண்ணே.”

வீரய்யா பருப்பு மூட்டை ஒன்றையும் மேலே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதற்குப் போர்த்தினார். “மாமா, வசதியா இருக்கா? வெத்தில போடுறீங்களா?”

பாலாம்பிகை சிரித்துவிட்டாள். நல்லம்மா வாசலிலிருந்து கத்தினாள்: “வீரய்யா! எங்க அண்ணன மூட்டையாக்கி வெளையாடாத. வெளக்குமாறு வரும்.”

“ஐயோ, நீங்களும் ஏறுங்க தங்கச்சி. வேலாயி அக்காவுக்கு ஆள் வேணும்ல?”

எண்ணம் சரிதான். மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாலாம்பிகை, அந்தப் பக்கம் நல்லம்மா. ஆனால் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு சிக்கல் வந்தது. உருண்டையாக, வழுவழுப்பாக, கைப்பிடி அளவுக்கு ஒரு கட்டை வேண்டும். தனபாலன் கொண்டுவந்த இரும்புக் குழாய் தகட்டைக் கீறும். கிரிக்கெட் மட்டையின் பிடி குட்டை. வீரய்யாவின் கண் நல்லம்மா வீட்டு மூலைக்குப் போனது. அங்கே உலக்கை சாத்தி நின்றது. மூன்று நாளுக்கு முன்தான் ஐந்து சுமங்கலிகள் சேர்ந்து அதற்கு மஞ்சள் நூல் கட்டி, கல்யாணத்துக்கு மஞ்சள் இடித்திருந்தார்கள். நூல் இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

“அத நெனைக்கவே நெனைக்காத” என்றாள் நல்லம்மா. “கல்யாண ஒலக்கைய சேத்து டயருக்கு இடையில வெக்கிறதா? கேட்டாலே பாவம்.”

வீரய்யா வேறு கட்டை தேடிக் கோயிலுக்குள் போய் வெறுங்கையோடு வந்தார். தெற்கே ஹந்தானை மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கண்டியில் ஐப்பசி மழைக்கு மத்தியானம் மூன்று மணி என்றால் மூன்று மணிதான்.

நல்லம்மா வானத்தைப் பார்த்தாள். அரிசி மூட்டைக்குப் போர்த்தியிருந்த துண்டைப் பார்த்தாள். உள்ளே போனாள். வரும்போது உலக்கை கையில் இருந்தது, நூல் இல்லை.

“எங்க அண்ணன் வர்றதுக்குத்தானே” என்று நீட்டினாள். “பூண் படாம வையி. நடுவுல மட்டும்.”

வேலை தொடங்கியது. தனபாலன் மட்காட்டின் வெளிப்புறத்தில் ஹீட் கன்னை ஆட்டி ஆட்டிச் சூடேற்றினான். புறங்கையை வைத்துப் பார்த்தான். சுள்ளென்று பட்டதும் உலக்கையின் நடுப்பகுதியை டயருக்கும் விளிம்புக்கும் இடையில் செருகினான். வீரய்யா முன்னாலிருந்து காரை ஒரு சாண் தள்ளினார். டயர் சுழன்றது, உலக்கை உருண்டது, தகடு ‘ம்ம்’ என்று முனகியது. திரும்ப ஒரு சாண் பின்னால். சூடு, உலக்கை, ஒரு சாண். ஒவ்வொரு தடவையும் உலக்கையை விரலளவு தள்ளி வைத்தான். உள்ளே இருந்த இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மூச்சு விடலாமா அண்ணே, இல்ல அதுக்கும் எடை இருக்கா?” என்றாள் பாலாம்பிகை.

“வாய மூடு.”

வலது பக்கம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. விளிம்பு உள்ளே மடிந்து, தகட்டோடு தகடாக ஒட்டிக்கொண்டது. பெயின்டில் மயிரிழைக் கோடுகூட இல்லை. தனபாலன் மண்ணில் முதுகு போட்டுப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அதற்குப் பிறகு அன்று அவன் சிரிக்கவில்லை.

நல்லம்மா இறங்கிப்போய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். இடது பக்கம் பாதி முடிந்திருந்தபோது தூறல் விழுந்தது. வீரய்யா குடை பிடித்தார். குடைக்கு அடியில் காற்று சில்லென்று நுழைந்தது. சூடேற்றிய தகடு, அவன் உலக்கையை எடுப்பதற்குள் ஆறிவிட்டது.

“நிப்பாட்டுடா. நாளைக்குப் பாப்போம்” என்றார் வீரய்யா.

“நாளைக்கு மெஷின் இல்ல. நாளைக்கழிச்சு பந்தல். மாமா வீட்டுக்கு எப்பப் போறது?”

“பெயின்ட் வெடிக்கும்டா.”

தனபாலன் தகட்டில் கை வைத்தான். வெதுவெதுப்புதான் இருந்தது. போதாது. அவனுக்கு அது நன்றாகத் தெரியும். பதினோரு தடவை கலந்த நிறம். அந்தக் கலவையில் ஒரு கரண்டிகூட மிச்சமில்லை.

“தள்ளுங்க” என்றான்.

வீரய்யா தள்ளினார். உலக்கை உருண்டது. காய்ந்த அப்பளம் உடைவதுபோல் ஒரு சத்தம். மட்காட்டு வளைவின் மேல் ஒரு கோடு ஓடியது, பக்கத்திலேயே இன்னொன்று, உள்ளங்கை அகலத்துக்கு பிளேன்டீ நிறம் செதிலாகக் கழன்று விழுந்தது. கீழே சாம்பல் பூச்சு தெரிந்தது.

தனபாலன் உலக்கையை அடுத்த விரலளவுக்குத் தள்ளி வைத்தான்.

“தள்ளுங்க.”

மறுநாள் வேலை முடிந்து, நல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹந்தானைக்கு ஏறினான். லயத்து வீட்டுக்கு முன்னால் மூக்கையா கத்தரிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். காரைப் பார்த்தும் நிமிரவில்லை. வேலாயிதான் வந்தாள். வந்தவள் இடது மட்காட்டைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“அட பாவமே, பளபளன்னு இருந்துச்சே! யாரு இடிச்சா?”

“யாரும் இடிக்கல அத்தை. நான்தான். விளிம்ப மடிச்சேன். மாமா ஏறினா ஒரசக் கூடாதுன்னு.”

மண்வெட்டி நின்றது.

“மாமா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு” என்றான் தனபாலன் செடிகளுக்கு இந்தப் பக்கம் நின்று. “அவங்க காரப் பாத்து சிரிச்சாங்க. அத ஒங்க மேல திருப்பி விட்டுட்டேன்.”

மூக்கையா கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“மாப்ள, நான் ஸ்டோர்ல முப்பது வருசம் மூட்டை தூக்கினவன். கனமா இருக்குன்னு ஒரு மூட்டையக்கூட பாதி வழியில எறக்கி வெச்சதில்ல. நீ என்னைய எறக்கி வெச்சிட்டுப் போன. சம்பந்தி வாசல்ல.”

தனபாலன் தலை குனிந்தான். நல்லம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

“அழுவாத நல்லம்மா, வந்து சாப்புடு. வேலாயி, நெத்திலி பொரி” என்றார் மூக்கையா.

சாப்பாட்டில் யாரும் காரைப் பற்றிப் பேசவில்லை. தேயிலை விலை, மழை, பந்தலுக்கு வாழை வெட்டுவது எல்லாம் வந்தன. கை கழுவிய பிறகு மூக்கையா தானாகக் காரருகே போனார். பெயின்ட் உரிந்த இடத்தைப் பெருவிரலால் ஒரு முறை தடவினார்.

“ஏறிப் பாருங்க மாமா. ரோட்டு வரைக்கும் போயிட்டு வருவோம்.”

“இன்னிக்கு ஏற மாட்டேன். கல்யாணத்தன்னிக்கு வந்து ஏறுறேன். ஆனா ஒண்ணு. சத்தம் வந்துச்சுன்னு வையி, எந்த எடமா இருந்தாலும் எறங்கிருவேன். நடு டவுனா இருந்தாலும் சரி. சொல்லிப்புட்டேன்.”

அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்று நல்லம்மாவுக்குத் தெரியும். திரும்பி வரும் வழியில், “சத்தம் வராதுல்ல?” என்று நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் தனபாலன், “வராதும்மா” என்றான். அரிசி மூட்டை அசையாது. மனிதன் அசைவான் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று வானம் வெளுத்திருந்தது. மூக்கையா தைத்த சட்டையோடு வந்திருந்தார். கூறைச்சேலையில் நின்ற பாலாம்பிகையின் கையைப் பிடித்து வாசற்படி இறக்கினார். அவர் பக்கவாட்டில் திரும்பிக் காரில் ஏறியபோது கார் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. நடுவில் பெண், அந்தப் பக்கம் வேலாயி, முன்னால் வீரய்யா. உரிந்த மட்காட்டை மறைக்கப் பூச்சரம் கட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். பாலாம்பிகை வேண்டாம் என்றுவிட்டாள். நல்லம்மா மற்றவர்கள் போகும் வேனில் ஏறாமல், கார் சந்து திரும்பும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

ரயில் கடவை வந்தது. தனபாலன் முதல் கியரில், ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினான். வீரய்யா கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் இல்லை.

டவுனில் பஸ்கள் நெருக்கின. ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு குழி, விலக வழியில்லை. ‘டம்’ என்று இறங்கி ஏறியது. சத்தம் இல்லை. ஏரியைச் சுற்றிய வளைவுகளில் கார் ஒரு பக்கம் சாய்ந்தது. கண்ணாடியில் தங்கையின் தலைப் பூவைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியவில்லை. பின்னால் பேச்சும் இல்லை. மாமா கோபமாக இருக்கிறாரா, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று தெரியாமல் தனபாலனின் முதுகு வியர்த்தது. தென்னகும்புரப் பாலம் போனது. குண்டசாலைச் சந்தி போனது. மண்டபத்துக்கு முன்னால் மேளம் கேட்டது. கேட்டருகே ஒரு மேடு; அதிலேயே திருப்பம். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள்.

தனபாலன் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தான். அகல டயர்கள் சரளைக் கல்லை நெரித்துக்கொண்டு ஏறித் திரும்பி, வாசலில் நின்றன. நாதஸ்வரத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

அவன் ஓடிவந்து வலது பக்கக் கதவைத் திறந்தான். மூக்கையா இறங்கவில்லை. அவருடைய இரண்டு கைகளும் கதவுக்கு மேலே இருந்த பிடியைக் கவ்வியிருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. புதுச் சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்திருந்தது.

“மாமா?”

“இரு மாப்ள. வெரலு மடங்கிக்கிச்சு.” ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பிறகு, வேலாயிக்கும் கேட்காத குரலில் சொன்னார்: “மஹய்யாவையில இருந்தே தூக்கிப் புடிச்சுக்கிட்டு வாறேன். சீட்டுல பாதி ஒடம்ப வைக்கல. வெச்சிருந்தா ஒன் டயரு கத்தியிருக்கும். இத்தன பேரும் கேட்டிருப்பாங்க.”

காருக்குள் இருப்பவன் சீட்டில் உட்கார்ந்தால் என்ன, கூரையைப் பிடித்துத் தொங்கினால் என்ன, அந்தப் பாரம் முழுவதும் அதே நான்கு சக்கரத்தில்தான் இறங்கும். பத்து வருடம் கராஜில் நின்றவனுக்கு அது தெரியாதா? அவன் வாய் திறந்தது. மாமாவின் மேல் உதட்டில் வியர்வை துளித்துளியாக நின்றது.

“அதானே பாத்தேன் மாமா” என்றான் தனபாலன். “ஒரு பொட்டுச் சத்தம் வரலியேன்னு.”

மூக்கையா திருப்தியாகத் தலையாட்டினார். பக்கவாட்டில் திரும்பி இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, இன்னும் நிமிராத விரல்களைக் காருக்குள் நீட்டினார்.

“எறங்கு தாயி” என்றார். பாலாம்பிகை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.